கம்பெனி வேனுக்கு முன்னால்

மதியம் மூன்று பத்துக்கு எஸ்.ஐ. பிரபாகர் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீசுக்குப் போன் போட்டார். அன்று காலை ரெய்டில் மீட்ட ஒரு பெண்ணின் வயதைத் தெரிந்துகொள்ளத்தான். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் எல்லா ஸ்டேஷனிலும் உள்ள பழக்கம் இது. பெண் காணாமல் போனாலும், காதலித்து ஓடினாலும், விபத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும், வயதுக்குச் சான்று வேண்டுமென்றால் கம்பெனியைக் கேட்போம். வேலைக்குச் சேரும்போது கொடுத்த ஆதார் நகல் அங்கே இருக்கும்.

“என்ன கேஸ் சார்?” என்று எதிர்முனையில் கேட்டிருக்கிறார்கள்.

“ஐ.டி.பி.” என்றார். அவர்களுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. “அதாம்பா, பிராத்தல் கேஸ்” என்று விளக்கமும் சொன்னார்.

பக்கத்து மேசையில் நான் சாட்சியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் போனை வைத்துவிட்டு, “பத்தொம்பது முடிஞ்சிருக்கு ஏட்டம்மா. போக்சோ வராது” என்று நிம்மதியாகச் சொன்னார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தரை மணிக்கு ஷிப்ட் விடும். வாசலில் வரிசையாக நிற்கும் கம்பெனி வேன்கள் ஒவ்வொன்றும் ஒரு ஊருக்குக் கிளம்பும். அதில் ஒன்று இந்தச் செய்தியோடு இந்தப் பெண்ணின் ஊருக்குப் போகும்.

நான் பல ஆண்டுகள் மகளிர் காவல் நிலையங்களில் வேலை பார்த்து, சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்தபோது விருப்ப ஓய்வு வாங்கியவள். பயிற்சியில் விபசாரத் தடுப்புச் சட்டத்தை ஒரு மதிய வகுப்பில் முடித்துவிட்டார்கள். சாப்பிட்டு வந்த தூக்கத்தில் பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை. மீதியை இன்ஸ்பெக்டர் தேவகி மேடத்திடம்தான் கற்றேன். இப்போது என் பழைய ஸ்டேஷனில் இருக்கும் இளம் காவலர்கள் அடிக்கடி போன் செய்கிறார்கள். ஐ.பி.சி. போய்ப் புதிய சட்டங்கள் வந்து எண்களெல்லாம் மாறிவிட்டன. ஐ.டி.பி. சட்டத்தின் எண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஆனால் இனி சோதனையைக் கைபேசியில் படம்பிடிக்க வேண்டும். “அக்கா, அந்தப் பொண்ணுங்க மூஞ்சி வீடியோல விழுமே, அப்புறம் அது யார் யார் போனுக்குப் போவுமோ, என்ன பண்றது?” என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து எனக்கு மூன்று பத்தின் நினைவு ஓயவில்லை. அதனால் எழுதுகிறேன். அந்தப் பெண்ணைச் செல்வி என்று அழைக்கிறேன். அது அவள் பெயர் அல்ல.

தேவகி மேடம் ரெய்டுக்குக் கிளம்பும் விதத்தைச் சொல்ல வேண்டும். வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் போக இந்தச் சட்டம் இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் ஏன் வாரண்டுக்குக் காத்திருக்க முடியவில்லை என்ற காரணத்தை முதலில் எழுத வேண்டும். மேடம் அதை எழுதி முடிக்காமல் நாற்காலியை விட்டு எழ மாட்டார். குறைந்தது இரண்டு பெண் போலீஸ் கூட வர வேண்டும். அந்தப் பகுதியில் மதிப்பாக வாழும் இருவர் சாட்சியாக வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். எந்தப் பெண் வருவாள்? சில ஸ்டேஷன்களில் ஒரே பூக்காரம்மாவை எல்லா ரெய்டுக்கும் கூட்டிப்போவார்கள். கோர்ட்டில் வக்கீல் எழுந்து, “நீங்க பூ விக்கிறீங்களா, சாட்சி விக்கிறீங்களா?” என்று கேட்டதும் கேஸ் படுத்துவிடும். மேடம் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பெண்ணைத் தேடுவார். அன்று வந்தது அந்தத் தெரு அங்கன்வாடி டீச்சர். “எம் புருஷன் கேட்டா இன்னா சொல்றது மேடம்?” என்று கையைப் பிசைந்தபடி வந்தார்.

ஜீப்பில் எப்போதும் இரண்டு பருத்திப் போர்வைகள் இருக்கும். கதவைத் தட்டிவிட்டு மேடம் நிற்பார். உடைக்க மாட்டார். உள்ளே போனதும் ஆண் காவலர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். போர்வையை நாங்கள் கொடுப்போம். மின்விசிறியைப் போடுவோம், தண்ணீர் கொடுப்போம். “சாப்ட்டியாம்மா?” என்று கேட்ட பிறகுதான் பெயரைக் கேட்பார். எனக்கு ஆரம்பத்தில் இது நாடகம் மாதிரி இருந்தது. பிறகு கவனித்தேன், சாப்பாட்டைப் பற்றிய கேள்விக்குப் பெண்கள் பொய் சொல்வதில்லை. அதற்கடுத்த கேள்விக்கும் பெரும்பாலும் உண்மையே வரும்.

நெடுஞ்சாலைக்குப் பின்னால் புது மனைப் பிரிவில் இருந்த அந்த வீட்டில் மூன்று பெண்கள் இருந்தார்கள். வீட்டை நடத்திய பேபி. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ரமணி. பிறகு செல்வி. செல்வி உள் அறையில், வெளியே தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் இருந்தாள். மேடம் முதலில் அந்தத் தாழ்ப்பாளைத்தான் சாட்சிகள் கையெழுத்திடும் மகஜரில் எழுதச் சொன்னார்.

ஸ்டேஷனுக்கு வந்ததும் எஸ்.ஐ. சொன்னார்: “மேடம், பேபிக்கு மூணும் நாலும் போட்டுடலாம். இந்த ரெண்டு பேருக்கும் எட்டு. கோர்ட்ல ஒத்துக்கிட்டா ஃபைனோட முடிஞ்சிடும். நமக்கும் பேஜார் கம்மி.”

மூன்று என்பது விடுதி நடத்துவது. முதல் தடவை என்றால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை. நான்கு, அடுத்தவள் சம்பாத்தியத்தில் வாழ்வது. எட்டு, பொது இடத்தில் நின்று ஆளை அழைப்பது. ஆறு மாதம், அல்லது ஐந்நூறு ரூபாய் அபராதம். எங்கள் பக்கத்தில் எட்டு போடுவதை எல்லோருமே ஒரு உபகாரமாக நினைத்தார்கள். காலையில் பிடித்தால் மாலையில் வீடு. ரமணியும் அதைத்தான் கேட்டாள்.

“மேடம், எனக்கு எட்டைப் போட்டு அனுப்பிடுங்க. எம் புள்ள ஸ்கூல் வுட்டு வந்து பூட்டின வூட்டாண்ட நிப்பான்.”

“நீ ரோட்ல நின்னு யாரையாச்சும் கூப்ட்டியா?” என்றார் மேடம்.

“நான் எதுக்கு ரோட்ல நிக்கிறேன்? எனுக்கு முட்டி வலி.”

அங்கன்வாடி டீச்சர்கூடச் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. “அப்ப எட்டு வராது. ஒரு பொம்பளை தன் ஒடம்ப வெச்சு சம்பாதிக்கிறதுக்கு இந்தச் சட்டத்துல தண்டனையே கெடையாது பிரபாகர். நடத்துறவனுக்கும், கூட்டிக் குடுக்கிறவனுக்கும், அடைச்சு வெக்கிறவனுக்கும்தான். செய்யாததுக்கு இவங்கள ஒத்துக்க வெச்சா, நாளைக்கு பாஸ்போர்ட்டுக்கு விசாரணை வரும்போது நீங்களா வந்து பதில் சொல்வீங்க?”

“அப்ப என்னை இப்பவே வுடுங்க” என்றாள் ரமணி. விட முடியாது. ரெய்டில் மீட்ட பெண்ணை நடுவர் முன் நிறுத்த வேண்டும். அவர் விசாரிக்கச் சொல்வார். அதுவரை காப்பகம். இதை மேடம் சொன்னதும் ரமணி போர்வையைத் தரையில் எறிந்தாள். “குற்றம் பண்ணா சாயந்தரம் வூட்டுக்கு, பண்ணலன்னா ஹோமுக்கா? நல்லாக்கீது உங்க சட்டம்!” என்றாள். மேடம் குனிந்து போர்வையை எடுத்து மடித்தார். அவள் மகனைப் பக்கத்து வீட்டில் விடுவதற்கு நான்தான் போன் செய்தேன்.

செல்வியை நான் விசாரித்தேன். பெண் போலீஸ்தான் விசாரிக்க வேண்டும் என்பது விதி. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் லைனில் இருந்திருக்கிறாள். வேன் ஸ்டாப்பில் பேபி பழக்கமாகியிருக்கிறாள். பெங்களூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி, ஏ.சி., ஹாஸ்டல், சம்பளம் ஜாஸ்தி என்று சொல்லியிருக்கிறாள். ஆதாரையும் போனையும் வாங்கிக்கொண்டாள். பெங்களூர் போகும் வழியில் இந்த வீட்டில் இறக்கினாள். அடுத்த நாள் போட்டோ எடுத்து, “ஊருக்கு அனுப்பவா?” என்றாள். இது ஐந்தாம் பிரிவு. ஆள் பிடித்துக் கொண்டுபோவதற்கு மூன்று முதல் ஏழு ஆண்டு, விருப்பமில்லாமல் என்றால் பதினான்கு வரை. அடைத்துவைத்ததற்கு ஆறாம் பிரிவு. அதில் ஆயுள் வரை உண்டு. ஆனால் ஐந்தாம் பிரிவு நிற்க வேண்டுமென்றால் செல்வி ஊர் திரும்பி, தைரியமாக நடமாடி, பின்னாளில் கூண்டில் ஏறிப் பேச வேண்டும். அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “ஊர்ல தெரியாம பாத்துக்குவீங்களா அக்கா?”

அவளுக்கு அப்போது என் மகளின் வயது. என் மகள் வேலூரில் கல்லூரி இரண்டாமாண்டு. அன்று காலையிலிருந்து நான் அவளுக்கு நான்கைந்து முறை போன் செய்திருப்பேன். “கிளாஸ்ல இருக்கேன்மா, இன்னாம்மா ஒனக்கு?” என்று எரிந்து விழுந்தாள்.

மூன்று பத்துப் போனைப் பற்றி நான் சொன்னதும் மேடம் எஸ்.ஐ.யிடம் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிரபாகர் முகம் வெளுத்துவிட்டது. “வயசு தெரிஞ்சாத்தானே மேடம் செக்‌ஷன் போட முடியும்…” என்றார்.

“வயச கேட்டீங்க, சரி. கேஸ எதுக்கு சொன்னீங்க?” பிறகு என்னிடம் திரும்பினார். “யூனிஃபார்மோட போகாதே. பொடவைய மாத்திக்கோ. வேனுக்கு முன்னாடி அவ அம்மாகிட்ட போய்ச் சேரு. மொத வார்த்தை, பொண்ணு உசுரோட நல்லாருக்குன்னு சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்.”

நடுவர் முன் நிறுத்தும் வேலையை மேடம் எடுத்துக்கொண்டார். கோர்ட்டுக்கான காகிதங்களை முடித்துக் கொடுத்துவிட்டு நான் என் ஸ்கூட்டியில் கிளம்பும்போது ஐந்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. ஏலகிரி மலை அடிவாரத்தில், ஜோலார்பேட்டைக்கு அப்பால் அவள் ஊர். பதனிடாத பச்சைத்தோல் ஏற்றிய லாரிகள் வழி விடவில்லை. இடைவெளி கிடைத்தபோதெல்லாம் என்னை மீறி வண்டி பறந்தது. ஜோலார்பேட்டை தாண்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. என் கணவர் ரயில்வேயில் இருப்பவர். எந்த நேரத்தில் எந்தக் கேட் மூடும் என்று அவர் மனப்பாடமாகச் சொல்வார். அன்று அவருக்குப் போன் செய்து கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கூட்ஸ் வண்டி நகர நகர முடியவில்லை. பக்கத்தில் ஒரு வேன் வந்து நின்றது. கம்பெனிப் பெயர் எழுதிய வேன். ஜன்னல்கள் திறந்திருந்தன. என் தலைக்கு மேலே பேச்சு.

“பெங்களூர்ல ஏ.சி. ரூம்ல வேலைன்னு பீத்திக்கினு போனாளே!”

“ஏ.சி. ரூம்தான்டி. பொய்யா சொன்னா?”

வேன் முழுக்கச் சிரிப்பு.

“எங்கம்மா காதுல வுழுந்தா என்னையும் வேலைக்கு அனுப்பாது. யாரும் வாயத் தொறக்காதீங்கடி.”

“ஆமா, டிரைவர் அண்ணன் ஏற்கனவே நாலு பேருக்கு போன் போட்டாச்சு!”

“நான் எங்கம்மா போட்டேன்? ஓட்டற வேலையே போதும்” என்றார் டிரைவர்.

நடுவில் ஒரு ஜன்னலோரச் சீட்டு காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு டிபன் பை. பக்கத்துச் சீட்டில் இருந்த பெண் அந்தப் பையை ஒரு கையால் பிடித்திருந்தாள். கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய செயின். அவள் திடீரென்று கத்தினாள்.

“இன்னாடி சிரிப்பு? பேபி அக்கா அவகிட்ட மட்டும்தான் வந்துச்சா? ஸ்டாப்புல நின்னுக்கினு நம்ம எல்லார்கிட்டயும் நம்பர் குடுக்கல? ஒனக்குக் குடுக்கல? ஒனக்கு?”

சிரிப்பு நின்றது. கேட் திறந்தது. நான் வேனுக்கு முன்னால் பாய்ந்தேன்.

ஊரில் வீட்டை விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது செல்வியின் அம்மா கையில் அரிவாளோடு, தலையில் புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்தார். “உங்க பொண்ணு நல்லாருக்கும்மா. பத்திரமா எங்ககிட்ட இருக்கு” என்றேன். அவர் கட்டை இறக்கி, “பெங்களூர்லயா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள்ளிருந்து செல்வியின் அண்ணன் வந்தான். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை வேலை. கையில் போன். வேனை முந்திவிட்டேன், போனை முந்த முடியவில்லை.

“யாரு நீங்க, போலீசா? அவளப் பத்தி இங்க பேசாதீங்க. செத்துட்டான்னு நெனச்சுக்கறோம். போங்க.”

அவனுக்கு நான் சட்டத்தைச் சொன்னேன். உன் தங்கை குற்றவாளி இல்லை, அவளைப் பிடித்து வைத்தவர்கள்தான் குற்றவாளிகள் என்றேன். அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே வேன் வந்து நின்று பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் எங்களை நேராகப் பார்க்கவில்லை. அம்மா கேட்டது ஒரே கேள்வி. “சாப்ட்டாளா?” சாப்பிட்டாள் என்றேன். என் நம்பரைக் கொடுத்து, விசாரணை முடிந்து கோர்ட்டில் கூப்பிடும்போது சொல்கிறேன் என்றேன். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அந்தச் செயின் போட்ட பெண்ணைத் தெருமுனையில் பிடித்தேன். பெயர் ஸ்டெல்லா. “நீ சொன்னத ஸ்டேட்மெண்டா குடுப்பியாம்மா?” என்றேன்.

“நான் ஒண்ணும் சொல்லல மேடம். எனக்குக் கல்யாணம் பேசியிருக்காங்க” என்று விரைந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அம்மாவுக்குப் போன் செய்தால் அண்ணன் எடுப்பான். பிறகு அந்த எண்ணே போகவில்லை. கோர்ட் அனுப்பிய நன்னடத்தை அலுவலர் குடும்பத்தை விசாரிக்கப் போனபோதும் வீடு பூட்டியிருந்தது. கோர்ட்டு நாளை அம்மாவுக்கு எப்படித் தெரிவிப்பது? கடைசியில் வேன் டிரைவரிடம் சொல்லி அனுப்பினேன். நான் மறுபடி போய் நின்றால் ஊர் கூடும், வேறு வழி தெரியவில்லை.

இதை எழுதும்போது நடுவில் எழுந்து மகளுக்குப் போன் செய்துவிட்டு வந்தேன். அவள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். உண்மையான கம்பெனி, நானே போய்ப் பார்த்து, ஹாஸ்டல் கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடப் பார்த்து வந்தேன். அவளுக்கு அவமானமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஜோலார்பேட்டையில் ரயில் ஏற்றிவிடுவேன். குப்பம் தாண்டியதும் ஒரு போன், பங்காருப்பேட்டையில் ஒரு போன். சென்ற மாதம் அதே பிளாட்பாரத்தில் பேபியைப் பார்த்தேன். ஜாமீனில் இருக்கிறாள், வழக்கு இன்னும் நடக்கிறது. அவள்தான் முதலில் பேசினாள்.

“நல்லா கீறீங்களா மேடம்? ரிட்டயர் ஆயிட்டீங்களாமே.” என் மகளைப் பார்த்தாள். “பொண்ணா? பெங்களூரா?”

மகளின் கையைப் பிடித்து வேறு பெட்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அன்று முழுவதும் அந்த “பெங்களூரா?” காதிலேயே இருந்தது. என்னைக் கேள்வி கேட்ட இளம் காவலரிடம், கதவையும் தாழ்ப்பாளையும் எடுங்கள், முகத்தை எடுக்காதீர்கள், போர்வையைப் போர்த்திய பிறகே கைபேசியைத் தூக்குங்கள், மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள் என்றேன். அது போதுமா என்று எனக்குத் தெரியாது. சோதனையைப் படம்பிடிக்காத காலத்திலேயே போனில் சொன்ன ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

கோர்ட்டு நாளுக்கு வருகிறேன். ரமணியைக் காலையிலேயே அவள் விருப்பப்படி அனுப்பிவிட்டார் நடுவர். போகும்போது என்னிடம், “எம் புள்ள ரெண்டு கிலோ எளச்சிருந்தா ஒங்கள சும்மா வுட மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். செல்வியை அழைத்ததும், பேபியின் வக்கீலோடு ஒரு பெண் முன்னே வந்தாள். பட்டுப் புடவை, கையில் பழப் பை. “நான் சித்தி. பொண்ண நான் பாத்துக்கறேன்” என்றாள். செல்வியின் அம்மா பெயர், ஊர், தெரு எல்லாம் சரியாகச் சொன்னாள். பேபியிடம் இருந்த ஆதாரில் எல்லாம் இருந்ததே.

நடுவர் ஒரு பெண்மணி. “இவங்க உன் சித்தியாம்மா?” என்று செல்வியிடம் கேட்டார். செல்வி தரையைப் பார்த்தாள். அந்தப் போட்டோக்கள் வேறு யார் போனில் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியாது. “எங்கயாச்சும் அனுப்புங்கம்மா” என்றாள்.

எழுந்து நின்ற மேடம், இவர் எதிர்த்தரப்பு வக்கீலோடு வந்தவர், தாய் வரக்கூடும், சற்று நேரம் வேண்டும் என்றார். மதிய இடைவேளைக்குப் பிறகு என்றார் நடுவர். அதற்குள் யாரும் வராவிட்டால் நீண்ட நாள் காப்பகம். இல்லையென்றால் அந்தப் பட்டுப் புடவை.

நான் வராந்தாவில் நடந்தேன். கேட் வரை போனேன், திரும்பி வந்தேன். சித்தி என்று சொன்னவள் பெஞ்சில் உட்கார்ந்து செல்வியிடம் ஆரஞ்சு உரித்து நீட்டினாள். செல்வி அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். நான் போய்ப் பிடுங்கி எறியலாமா என்று நினைத்தேன். மேடம் என் தோளைத் தொட்டு, “உக்காரு” என்றார். உட்கார முடியவில்லை.

நடுவர் மீண்டும் இருக்கைக்கு வந்த நேரத்தில் கேட்டில் ஹாரன் சத்தம். கம்பெனி வேன். சாப்பாட்டு இடைவேளையில் டிரைவர் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். முன் சீட்டிலிருந்து செல்வியின் அம்மா இறங்கினார். பின்னால், லைனில் போடும் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்டெல்லா.

அம்மா நேராக நடுவர் முன் போய்க் கும்பிட்டார். “எம் பொண்ணு. நான் கூட்டிக்கினு போறேன். அவ வந்தா நான் வூட்ட வுட்டுப் போய்டுவேன்னான் எம் பையன். போடான்னுட்டேன்.” பட்டுப் புடவையைத் திரும்பிப் பார்த்து, “இது யாரு?” என்றார். வக்கீல் காகிதங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

ஸ்டெல்லா முன்னால் வந்து நின்றாள். “அம்மா, அந்த பேபி அக்காகிட்ட நானும் பேர் குடுத்திருந்தேன். தீபாவளி போனஸ் வாங்கிக்கினு போறதா இருந்தேன். இவ முந்திக்கினா, அவ்ளோதான். எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார்கள். உத்தரவு கையெழுத்தாகி நாங்கள் வெளியே வந்தோம். செல்வி வேன் படியில் கால் வைக்காமல் நின்றாள். உள்ளே யாரும் இல்லை. ஆனாலும் அத்தனை ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஸ்டெல்லா முதலில் ஏறி, நடுவிலிருந்த சீட்டிலிருந்து தன் டிபன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஒன் சீட்டுல எவளையும் உக்கார வுடலடி. ஏறு, எனக்கு லைன்ல லேட்டாவுது.”